பிஸ்டலைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது எப்படி? புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிஸ்டல் பழக வருகிறவர்களின் கையில் இருக்கும் துப்பாக்கி மாறும், அவர்கள் கேட்கிற கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யாருக்கு உரிமம், எங்கே எடுத்துச் செல்லலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். அதைத் தெரிந்துகொண்டு, உரிமம் வாங்கிய பிறகு வருகிற சந்தேகங்கள்தான் இங்கே இருப்பவை. நேரில் ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதற்கு இது மாற்று இல்லை.

செமி ஆட்டோமேட்டிக்னா டிரிகரை அழுத்திப் பிடிச்சா சுட்டுக்கிட்டே இருக்குமா?

இருக்காது. ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டுதான். அடுத்த தோட்டாவை ஏற்றி வைக்கும் வேலையைத் துப்பாக்கி தானே செய்துகொள்ளும்; சுடுவதற்கு ஒவ்வொரு முறையும் உங்கள் விரல் வேண்டும். சுட்ட பிறகு டிரிகரைக் கொஞ்சம் முன்னால் விட்டால்தான் உள்ளே ‘டிக்’ என்று மறுபடி பிடித்துக்கொள்ளும். டிஸ்கனெக்டர் என்ற சின்னப் பாகம் இதைப் பார்த்துக்கொள்கிறது.

தானே ஏற்றிக்கொள்ளும் என்பதை மட்டும் மனதில் நிறுத்துங்கள். ஒரு முறை சுட்டு நிறுத்தினாலும் துப்பாக்கி அடுத்த முறைக்குத் தயாராக நிற்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு வேர் இதுதான்.

சுட்டதும் உள்ளே என்னதான் நடக்குது?

தோட்டாவில் நான்கு பாகம் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் குத்தினால் தீப்பற்றும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. டிரிகர் விடுவித்ததும் ஃபயரிங் பின் என்ற ஊசி பிரைமரில் குத்துகிறது, மருந்து எரிகிறது, அந்த வாயுவின் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுகிறது. சாதாரண 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய 8 கிராம் எடை. விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் போகிறது.

முன்னால் தள்ளிய அதே விசை, ஸ்லைடு என்ற நகரும் மேல்பாகத்தைப் பின்னால் உதைக்கிறது. பின்னால் போகும் ஸ்லைடில் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி, காலிக் கூட்டின் விளிம்பைப் பிடித்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரிலிருந்து இழுத்துக்கொண்டு வரும். வழியில் எஜெக்டர் என்ற முனையில் கூடு இடித்து, பக்கவாட்டு ஜன்னல் வழியாக வெளியே தெறிக்கும். ஹேமர் என்ற சுத்தியலோ, ஸ்ட்ரைக்கர் என்ற ஸ்பிரிங் ஊசியோ, மாடலைப் பொறுத்து, மறுபடி அடிக்கத் தயாராகும். பிறகு ரீகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, போகிற போக்கில் அது, தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினின் மேல் தோட்டாவை உருவி சேம்பருக்குள் செருகி மூடிக்கொள்ளும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

9 மி.மீ. போன்ற வலுவான தோட்டாக்களில் அழுத்தம் குறையும் வரை திறக்கக் கூடாது. அதனால் குழலும் ஸ்லைடும் கொக்கி போட்டபடி சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்னால் வந்து, அப்புறம் குழலின் பின்பக்கம் கீழே சாய்ந்து ஸ்லைடை விடுவிக்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த முறை இது. அவருடைய எம்1911 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் ஏற்றது 1911-இல். இன்றைக்குக் கடைக்கு வரும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை இன்னமும் இதன் ஏதோ ஒரு வடிவத்தில்தான் இயங்குகின்றன.

மேகசினைக் கழட்டிட்டேன். இப்போ துப்பாக்கி காலிதானே?

இல்லை! இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள். மேகசின் வெளியே வந்தாலும் சேம்பருக்குள் ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயேதான் இருக்கும். கையில் மேகசின் கனமாக இருப்பதால் ‘எல்லாத்தையும் எடுத்துட்டோம்’ என்று மனது நம்பிவிடுகிறது. ‘காலித் துப்பாக்கி வெடித்தது’ என்று சொல்லப்படும் விபத்துகளுக்குப் பின்னால் அடிக்கடி இந்த ஒற்றைத் தோட்டா இருக்கும்.

சில பிஸ்டல்களில் மேகசின் இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாத அமைப்பு உண்டு. 1935-இல் வந்த பிரவுனிங் ஹை பவர் அப்படிப்பட்டது. எம்1911-இலும் கிளாக் நிறுவனத்தின் பிஸ்டல்களிலும் அது கிடையாது. ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றைக் கையில் எடுப்பவருக்கு அந்தப் பழக்கமே ஆபத்தாகிவிடும்.

அப்போ சரியா காலி பண்ற வரிசை என்ன?

முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்புங்கள். விரல், டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டுக்கு வெளியே, ஸ்லைடுக்குக் கீழே துப்பாக்கியின் உடலோடு ஒட்டி நீட்டி இருக்கட்டும். முதலில் மேகசினை எடுங்கள். அதற்குப் பிறகு ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுங்கள், தோட்டா இருந்தால் வெளியே குதிக்கும். அது கீழே விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

வரிசை மாறக் கூடாது. முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினை எடுத்தால், வெளியே போன தோட்டாவுக்குப் பதில் மேகசினிலிருந்து புதியது ஒன்று உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். செய்தவருக்கோ காலி செய்துவிட்ட திருப்தி. இதைவிட மோசமான நிலை வேறில்லை.

இன்னொன்று: எம்1911 போன்றவற்றில், சுடாமல் தடுக்கும் லீவரான சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. காலி செய்வதற்கே சேஃப்டியை எடுக்க வேண்டும். விரலும் முனையும் ஒழுங்காக இருக்க வேண்டிய நேரம் அது.

பாதுகாப்பான பக்கம்னு சொல்றீங்களே, அது எந்தப் பக்கம்?

இப்போதே வெடித்தால் யாருக்கும் காயம் படாத பக்கம். வானம் அல்ல, மேலே போன குண்டு எங்கேயோ கீழே வந்தாக வேண்டும். வீட்டுக்குள் என்றால் சாதாரணத் தடுப்புச் சுவரை நம்பாதீர்கள், 9 மி.மீ. குண்டு அதைத் துளைத்துப் போகும். சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் இலக்கு இருக்கும் திசை ஒன்றுதான்.

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரப்பிய நான்கு விதிகளை உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிறைந்ததே என்று நடந்துகொள். அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையைத் திருப்பாதே. குறி இலக்கில் நிற்கும் வரை விரலை டிரிகரில் வைக்காதே. இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன என்பதைத் தெரிந்துகொள். ஒன்றை மீறினாலும் மற்றவை காப்பாற்றும்படி பின்னப்பட்ட விதிகள் இவை. உயிர் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டை மீறியிருக்க வேண்டும்.

ஸ்லைடு பின்னாலேயே நின்னுடுச்சு. கெட்டுப்போச்சா?

மேகசின் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கடைசித் தோட்டா போனதும் மேகசினின் உள்தட்டு ஸ்லைடு ஸ்டாப்பை மேலே தள்ளிப் பூட்டிவிடும். எல்லா மாடலிலும் இது இருக்காது. அதனால் ஸ்லைடு மூடியிருப்பதை வைத்து உள்ளே தோட்டா இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது.

சேஃப்டி போட்டிருக்கேன். அப்புறம் எதுக்கு இவ்வளவு பயம்?

சேஃப்டி ஓர் இயந்திரப் பாகம். தேயும், அழுக்கு சேரும், துணியில் உரசித் தானாகக் கீழே இறங்கும். அதோடு, போட்டதாக நினைத்துப் போடாமல் விட்டவர்களும் உண்டு. சில மாடல்களில் லீவரை மேலே தள்ளினால் சேஃப்டி, வேறு சிலவற்றில் கீழே தள்ளினால் சேஃப்டி. எம்1911-இல் மேலே, பெரெட்டா 92 வகையில் கீழே. இரண்டு துப்பாக்கிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் என்பதுதான்.

போடுங்கள், ஆனால் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் முனையை அலைய விடாதீர்கள்.

என் பிஸ்டல்ல சேஃப்டி லீவரே இல்லையே, ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை, வடிவமைப்பே அப்படி. கிளாக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் ஏற்றபோதும் அதில் கையால் போடும் லீவர் கிடையாது. பதிலாக, டிரிகரின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் டிரிகர் நகரும். உள்ளே ஃபயரிங் பின்னை மறித்து நிற்கும் கட்டை ஒன்றும், கீழே விழுந்தால் விடாமல் பிடிக்கும் அமைப்பும் உண்டு. டிரிகரைப் பின்னால் இழுக்கும்போது மூன்றும் வரிசையாக விலகும்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது: டிரிகரை எதுவும் தொடாதவரை அது வெடிக்காது, எது தொட்டு அழுத்தினாலும் வெடிக்கும். விரல், சாவிக்கொத்து, சட்டை நுனி என்று அது பேதம் பார்க்காது. துப்பாக்கியின் உறையான ஹோல்ஸ்டரைப் பற்றிக் கீழே இவ்வளவு நீட்டியிருப்பது அதனால்தான்.

சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன், ஸ்ட்ரைக்கர்... தலை சுத்துது. எளிமையா சொல்லுங்களேன்?

டிரிகர் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே பின்னால் இழுத்து நிற்கும் ஹேமரை விடுவிக்க மட்டும் செய்தால் சிங்கிள் ஆக்‌ஷன். அழுத்தம் லேசு, நகர்வு குறைவு. எம்1911 இந்த வகை. ஹேமரைப் பின்னால் இழுத்து, பிறகு விடுவிக்கவும் செய்தால் டபுள் ஆக்‌ஷன். நீளமான, கனமான அழுத்தம்.

இரண்டும் கலந்தது ஒன்று உண்டு: முதல் சுடுதல் கனமாக, அடுத்தவை எல்லாம் லேசாக. 1929-இல் வந்த வால்தர் பிபி இதைப் பரவலாக்கியது. இதில் புதியவர்கள் சறுக்குவது இரண்டாவது சுடுதலில். முதல் அழுத்தத்தின் கனத்துக்கு விரல் பழகியிருக்கும். அடுத்தது எதிர்பாராத லேசில் போய்விடும். சுட்டு முடித்ததும் ஹேமரை இறக்க டீகாக்கர் லீவர் இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். சேம்பரில் தோட்டா இருக்கும்போது கட்டைவிரலால் ஹேமரைப் பிடித்து, டிரிகரை அழுத்தி மெல்ல இறக்குவது வேண்டாத வித்தை. வியர்த்த விரல் வழுக்கினால் முடிந்தது.

ஸ்ட்ரைக்கர் வகையில் வெளியே ஹேமர் கிடையாது. ஸ்பிரிங் பொருத்திய ஊசி ஸ்லைடுக்குள் நேர்கோட்டில் ஓடும். அழுத்தம் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி இருப்பதால் பழகச் சுலபம்.

கீழே விழுந்தா வெடிச்சிடுமா?

நல்ல நிலையில் உள்ள நவீன பிஸ்டல் பெரும்பாலும் வெடிக்காது. டிரிகர் முழுதாக இழுபடாதவரை ஃபயரிங் பின்னை மறித்து நிற்கும் கட்டை அதற்காகத்தான். பழைய மாடல்களில் அது இல்லை. கோல்ட் நிறுவனமே தன் 1911 பிஸ்டல்களில் இதைப் பரவலாகச் சேர்த்தது 1983-இல் வந்த சீரிஸ் 80-இல்தான். தாத்தா காலத்துத் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் விழுவதை விட, விழும் துப்பாக்கியைப் பிடிக்கப் பாயும் கைதான் கூடுதல் ஆபத்து. பதறிய விரல் போய்ச் சேரும் இடம் டிரிகர் கார்டு. விழட்டும். அது நின்ற பிறகு எடுங்கள்.

சேம்பர்ல தோட்டாவோட வச்சிக்கலாமா, காலியாவா?

அதிகம் சண்டை நடக்கும் கேள்வி. சேம்பர் காலியாக, மேகசின் நிறைந்திருந்தால் டிரிகரை எது அழுத்தினாலும் வெடிக்காது. பதிலுக்கு, தேவைப்படும் நேரத்தில் இரண்டு கையும் ஸ்லைடை இழுக்க ஒரு நொடியும் வேண்டும். ஒரு கை காயப்பட்டோ மாட்டிக்கொண்டோ இருந்தால் கஷ்டம். தோட்டா ஏறியிருந்தால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஒரு தவறுக்கும் இடம் இல்லை.

நான் சொல்வது இது. மேலே சொன்ன காலி செய்யும் வரிசை யோசிக்காமல் கைக்கு வரும் வரை, துப்பாக்கியை எடுக்கும்போதெல்லாம் விரல் தானாக வெளியே நிற்கும் வரை, சேம்பரைக் காலியாகவே வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டோகரேவ் டிடி-33 போல கையால் போடும் சேஃப்டியே இல்லாமல் வந்த பழைய மாடல் என்றால், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் காலிச் சேம்பர்தான் என் பதில்.

பழகிய பிறகு, நவீன பிஸ்டலும் சரியான ஹோல்ஸ்டரும் இருந்தால், தோட்டாவோடு வைப்பது பலர் செய்வதுதான். எந்த முறையானாலும் நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள். இன்றைக்கு ஏற்றியிருக்கிறேனா இல்லையா என்று யோசிக்க வேண்டிய நிலை வரவே கூடாது.

ஹேமர் பின்னால இழுத்தபடி இடுப்புல வைக்கிறாங்களே, பார்த்தாலே பதறுது. சரியா அது?

எம்1911 வகைக்கு அது பழைய, ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. ஹேமர் பின்னால் நிற்கும். கட்டைவிரல் சேஃப்டி போட்டிருக்கும். போதாததற்குக் கைப்பிடியின் முதுகில் உள்ள சேஃப்டி, உள்ளங்கை அழுத்தினால்தான் விலகும். கண்ணுக்கு பயமாகத் தெரிகிறது என்பது உண்மைதான். ஸ்ட்ரைக்கர் பிஸ்டலிலும் உள்ளே ஸ்பிரிங் ஓரளவு இழுபட்டுத்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பதறுவதில்லை.

சிங்கிள் ஆக்‌ஷன் டிரிகர் லேசானது என்பதால், சேஃப்டி இல்லாமல் இப்படி வைக்கவே கூடாது.

ஹோல்ஸ்டர் கண்டிப்பா வேணுமா? இடுப்புல செருகினா போதாதா?

போதாது. சினிமாவில் செருகலாம். இடுப்பில் செருகிய துப்பாக்கி நடக்க நடக்கக் கீழே இறங்கும், அதைப் பிடிக்கத் தடவும் விரல் டிரிகரில் போய் நிற்கும்.

நல்ல ஹோல்ஸ்டருக்கு நான் பார்ப்பது: டிரிகர் கார்டு முழுதும் மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் டிரிகருக்குப் படாத அளவு விறைப்பாக. குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. துப்பாக்கியை எடுத்த பின்னும் அதன் வாய் திறந்தே நிற்க வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் தொளதொளத் துணி உறைகளைத் தொடாதீர்கள். தோல் ஹோல்ஸ்டர் அழகுதான், ஆனால் பழசானால் வாயோரம் துவண்டு உள்பக்கம் மடியும். அந்த மடிப்பு டிரிகர் கார்டுக்குள் நுழைந்து, துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது விரல் போலவே டிரிகரை அழுத்தும். அப்படித் துவண்டதைத் தூக்கிப் போடுங்கள்.

பையிலோ பாக்கெட்டிலோ வைத்தாலும் டிரிகரை மூடும் உறை வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, பேனா, சில்லறை எதுவும் கூடாது.

இடுப்புல எந்தப் பக்கம் வைக்கிறது நல்லது?

புதியவர்களுக்கு, பழக்கமான கைப்பக்கத்து இடுப்பெலும்பை ஒட்டி, கொஞ்சம் பின்னால். எடுக்கும்போது முனை உங்கள் உடம்பை அவ்வளவாகக் கடக்காது. முன்பக்கம், தொப்புளுக்குக் கீழே வைப்பது எடுக்க வசதி. ஆனால் உட்காரும்போது முனை தொடையையும் அதில் ஓடும் பெரிய ரத்தக்குழாயையும் பார்த்தபடி நிற்கும். முதல் வருடத்தில் வேண்டாம் என்பேன். முதுகின் நடுவில் வைப்பதும் வேண்டாம்: மல்லாக்க விழுந்தால் இரும்பு முதுகெலும்பில் இடிக்கும்.

எடுக்கிறதை விட திரும்ப வைக்கிறதுதான் ஆபத்துன்னு சொல்றாங்களே?

ஆமாம். எடுப்பதற்கு அவசரம் இருக்கலாம், திரும்ப வைப்பதற்கு ஒரு அவசரமும் கிடையாது. சட்டையை இன்னொரு கையால் நன்றாக மேலே தூக்குங்கள். ஹோல்ஸ்டரின் வாயைக் கண்ணால் பாருங்கள். நாடா, சட்டை நுனி, பட்டன் எதுவும் உள்ளே இல்லையே? விரல் நீட்டியபடி மெதுவாக இறக்குங்கள். பாதியில் ஏதோ தடுக்கிற மாதிரி இருந்தால் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். வெளியே ஹேமர் உள்ள பிஸ்டல் என்றால் கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொண்டே இறக்கலாம். டபுள் ஆக்‌ஷனில் டிரிகரில் ஏதாவது மாட்டினால் ஹேமர் எழும்புவது விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

தினமும் ராத்திரி இறக்கி, காலையில அதே தோட்டாவை ஏத்தலாமா?

ஓரிரு முறை பரவாயில்லை, வழக்கமாக்காதீர்கள். ஸ்லைடு மூடும் ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு சேம்பருக்குப் போகும் சாய்தளத்தில் இடிக்கிறது. இடித்து இடித்துக் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் அமுங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும், துப்பாக்கியே சேதமாகலாம். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இல்லையென்றால் இதற்கு நல்ல வழி, ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றிப் பூட்டுப் பெட்டியில் வைப்பது. ஏற்றி இறக்கும் வேலை குறைந்தால் அதில் வரும் தவறுகளும் குறையும்.

டிரிகரை அழுத்தினேன், வெடிக்கலை. என்ன செய்யணும்?

ரேஞ்சில் என்றால் முனையை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பிரைமர் தாமதமாகப் பற்றிக்கொள்வது அரிது, ஆனால் நடக்கும். ‘ஏன் வெடிக்கல’ என்று துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பவர்கள்தான் என் தூக்கத்தைக் கெடுப்பவர்கள். காத்திருந்த பிறகு, மேலே சொன்ன வரிசைப்படி காலி செய்யுங்கள்.

சத்தமே இல்லாததை விட, ‘புஸ்’ என்று அரைகுறைச் சத்தமும் வலுவில்லாத உதையும் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். அதோடு நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்து குழலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சுத்தம் பண்ணக் கழட்டுறப்போ டிரிகரை அழுத்தச் சொல்லுதே. அது எப்படி சரி?

கிளாக் உட்படச் சில மாடல்களில் ஸ்லைடைக் கழற்றும் முன் டிரிகரை அழுத்தித்தான் ஆக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் இதைச் செய்தவர்களுக்கு மேசையிலும் கையிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. காலி செய்யும் வரிசையை முழுதாக முடித்து, தோட்டாக்களை அறையை விட்டே வெளியே வைத்துவிட்டு, முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி அழுத்துங்கள். சுத்தம் செய்த பின் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயத் துகள் இருக்கும்.

வீட்டில குழந்தைங்க இருக்காங்க. உயரத்துல வச்சா போதுமா?

போதாது. உயரமும் ஒளிவும் பூட்டு ஆகாது. எங்கே ஒளித்திருக்கிறீர்கள் என்பது குழந்தைகளுக்கு நீங்கள் நினைப்பதற்கு முன்பே தெரியும். இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டில், தோட்டாக்கள் வேறு பூட்டில். சாவி உங்களிடம். குடித்திருக்கும் நாளில் அந்தப் பூட்டை நீங்களும் திறக்கக் கூடாது.

வீட்டில தோட்டா இல்லாம டிரிகரை அழுத்திப் பழகலாமா? துப்பாக்கி கெட்டுடுமா?

நவீன பிஸ்டல்கள் பெரும்பாலும் கெடாது. சேம்பரில் போலித் தோட்டா போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. கூட்டின் விளிம்பில் குத்திச் சுடும் .22 ரிம்ஃபயர் வகையில் மட்டும் வேண்டாம், ஃபயரிங் பின் நேராக சேம்பரின் விளிம்பில் அடித்துக் கெடுக்கும். விரலைப் பழக்குவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

காலி செய்து, பார்த்து, தடவி, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். குண்டு தாங்கும் ஒன்றின் முன் மட்டும் பழகுங்கள். விபத்து நடப்பது நடுவில் அல்ல, முடிவில்: பயிற்சி முடிந்தது என்று தோட்டாவை ஏற்றிவிட்டு, போகிற போக்கில் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று அழுத்துவது. முடித்துவிட்டால் ‘முடிந்தது’ என்று வாய்விட்டே சொல்லுங்கள், துப்பாக்கியைப் பூட்டுங்கள், அந்த அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். மீண்டும் ஏற்றுவதை அரை மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.